பச்சை மூடி பாட்டில்

என்னை முதலில் திருடன் என்றவர் டாக்டர் திருமேனி. எங்கள் அரசு மூலிகை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். நான் அங்கே மருந்து அறையைப் பெருக்குகிறவன்.

முட்டிவலிக்குக் கஷாயம் கேட்குமா என்று அரசாங்கச் செலவில் சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சிவப்பு மூடி பாட்டில், பாதிப் பேருக்குப் பச்சை மூடி. ஒன்றில் கஷாயம், மற்றதில் அதே நிறத்தில், அதே கசப்பில் மருந்தில்லாத தண்ணீர். எதில் எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது.

உறையைப் பிரிக்கச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்த அன்றைக்குக் கணக்குப் பார்த்தால், இருபது பாட்டிலைக் காணோம்.

"யோவ் சுடலை, திருட்டுப் பயலே! எடுத்தது நீ இல்லேன்னா யாருன்னு இப்பவே சொல்லு. இல்லே, வேலை போச்சு!" என்றார் இயக்குநர், அந்த அம்மா முன்னாலேயே.

"ஐயா, காணாமப் போனது அத்தனையும் பச்சை மூடி. திருடன்னா ரெண்டையும் அள்ளியிருப்பான். இது குடிச்சுப் பார்த்து, குணம் கண்டு, திரும்பத் திரும்ப வந்த ஆளு. முட்டிவலி யாருக்குப் போயிருக்குன்னு பாருங்க. மூணு வருஷமா லிப்ட்ல வந்த நீங்க இப்ப படியில ஓடி வாறீங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உறையைக் கிழித்தார். "பச்சை மூடி வெறும் தண்ணிதான் சார்."

"அப்போ என் முட்டிவலி எப்படிம்மா போச்சு?" என்று கேட்டே விட்டார் இயக்குநர்.

அது அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் இன்றுவரை விளங்கவில்லை. மறுநாளே அவர் லிப்ட்டுக்குத் திரும்பிவிட்டார். என் வேலை தப்பியது. திருடன் என்ற அந்தச் சொல்லை மட்டும் அவர் இன்னும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.