கேணிப் பொந்துல மூணு மீன்கொத்தி

ஒரு ஊர்ல ஒரு கேணி இருந்துச்சாம். கல்லப் போட்டா சத்தம் வர நேரமாவும் மக்கா, அம்புட்டு ஆழம். கேணிக்காரி பேரு ஆவுடை. ஒத்தையில இருக்கவ. கேணியச் சுத்தி கொஞ்சம் கத்திரிச் செடி வச்சிருந்தா. காலையில மோட்டாரப் போடணும், தண்ணி பாய்ச்சணும், காய் பறிச்சு சந்தைக்கு அனுப்பணும். அதான் அவ பொழப்பு. யார்கிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டா.

"ம்" கொட்டு. நீ கொட்டுனாத்தான் எனக்குக் கதை வரும். ஆ, அப்படி.

அப்போ சித்திரை மாசக் கடேசியில ரெண்டு மீன்கொத்தி வந்துச்சு. நீல முதுகு, செவந்த மூக்கு, நெஞ்சுல பால் கொட்டுன மாதிரி வெள்ளை. கேணிக்குள்ள, கல்லுக் கட்டாத மண் சுவத்துல, ரெண்டும் மாத்தி மாத்தி டொக்கு டொக்குன்னு குத்தி ஒரு பொந்து போட்டுச்சு. "கேணிய இடிச்சிப்புடாதீங்க"ன்னு ஆவுடை ஒரு சத்தம் போட்டா. அதுங்க கேட்டாத்தானே!

அப்புறம் பொந்துக்குள்ள முட்டை. முட்டை பொரிஞ்சு குஞ்சு. கிர்ர்ர்... கிர்ர்ர்னு ஒரே பசிச் சத்தம். தாயும் தகப்பனும் ஓணான் புடிச்சிட்டு வரும், வெட்டுக்கிளி புடிச்சிட்டு வரும், விர்ர்ருனு பொந்துக்குள்ள போவும், விர்ர்ருனு வெளிய வரும். ஆவுடை காய் பறிக்கப் போறவ, கூடையக் கீழ வச்சிட்டு பாத்துக்கிட்டே நிப்பா. வெயில் ஏறுனது தெரியாது அவளுக்கு.

அப்போ ஆனி பொறந்துச்சு. அணையத் தொறந்துட்டாங்க. கால்வாயில தண்ணி சளசளன்னு ஓடுது. ஊருக்கே கொண்டாட்டம். ஆவுடைக்கு மட்டும் முகம் செத்துப் போச்சு. ஏன் தெரியுமா? கால்வாயில தண்ணி வந்தா கேணியில ஊத்து கிளம்பிரும். தண்ணி மேல ஏறும். பொந்து முங்கிப் போவும்லா?

"நான் என்ன செய்ய, அதுங்க தலையெழுத்து"ன்னு வீட்டுக்கு நடந்தா. பாதி வழி போனா. திரும்பி வந்து, தண்ணி ஏறவிடாம எறைக்க மோட்டாரப் போட்டா. டுர்ர்ர்ர்...

செடிக்குப் பாய்ச்சுன தண்ணி போக மிச்சத் தண்ணி பக்கத்து வயலுக்குள்ள போயிட்டு. பக்கத்து வயல்காரர் பூலுடையார் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு.

"என்ன ஆவுடை, இப்பத்தான் வெதைச்சிருக்கேன். வெதை அழுகிப் போவாதா?"

"கேணியில குஞ்சு இருக்கு அண்ணாச்சி."

"என்ன குஞ்சு?"

அவ கூப்பிட்டுக் கொண்டுபோய் காட்டுனா. அவரு கொஞ்ச நேரம் எட்டிப் பாத்தாரு. பொந்து வாசல்ல மூணு தலை. கருகருன்னு ஆறு கண்ணு.

"எத்தனை நாளாவும் பறக்க?"

"தெரியாது அண்ணாச்சி. இன்னும் ரெண்டு மூணு நாளு."

பூலுடையார் போய் மம்பட்டி எடுத்துட்டு வந்தாரு. வரப்புல ஒரு மடை வெட்டி, தண்ணிய ஓடைக்குத் திருப்பி விட்டுட்டாரு.

தூங்கிட்டியா? ம். சரி.

மறுநாள் உச்சிவெயில் நேரம், கரெண்டு போயிட்டு. மோட்டார் மூச்ச நிறுத்திட்டு. தண்ணி ஏறுது, ஏறுது... பொந்துக்கும் தண்ணிக்கும் நாலு விரக்கடை. அப்புறம் மூணு. அப்புறம் ரெண்டு! தாய்ப்பறவை மேல கரெண்டுக் கம்பியில உக்காந்து கிக்கிக்கிக்கீன்னு கத்துது.

ஆவுடை வாளியத் தூக்கிக் கேணியில போட்டா. தொபுக்! எறைச்சு ஊத்துனா. தொபுக்! எறைச்சு ஊத்துனா. பூலுடையாரும் ஓடி வந்து இன்னொரு கயித்தப் புடிச்சாரு. கையெல்லாம் கொப்புளம். தண்ணி எறங்கல. ஆனா ஏறவும் இல்ல. பொழுது சாயுற வரைக்கும் எறைச்சாங்க மக்கா. அப்போ கரெண்டு வந்துச்சு. டுர்ர்ர்ர்! ஆவுடை அங்கனயே கால நீட்டி உக்காந்துட்டா.

அதுக்கு மறுநாள் விடியக்கால, தாய்ப்பறவை வாயில மீன வச்சிக்கிட்டு கம்பியில உக்காந்துருக்கு. பொந்துக்குள்ள போவவே இல்ல. "வேணும்னா நீ வா"ங்குது!

மூத்த குஞ்சு வாசலுக்கு வந்துச்சு. றெக்கைய ஆட்டுச்சு, அசைச்சுச்சு, விர்ர்ருனு ஒரே மூச்சுல மேல வந்துட்டு. ரெண்டாவது குஞ்சு வந்துச்சு. எதுத்த சுவத்துல போய் டம்முனு முட்டுச்சு, சுத்துச்சு, தடுமாறி ஒரு வழியா கேணி விளிம்பப் புடிச்சிக்கிடுச்சு.

மூணாவது, கடைக்குட்டி. அது வந்துச்சு... ஐயோ, பொத்துன்னு தண்ணியில விழுந்துட்டு!

ஆவுடைக்கு நீச்சல் தெரியாது. ஓலைக் கடகப்பெட்டியில கயித்தக் கட்டி மெதுவா உள்ள விட்டா. குஞ்சு றெக்கைய விரிச்சு மிதக்குது, படபடன்னு அடிக்குது. "ஏறு தங்கம். நான் உன்னத் தொட மாட்டேன், பயப்படாத, நீயா ஏறு"ன்னா. கடகம் கிட்டப் போனா அது நகந்துரும். இன்னொருக்க கிட்டப் போனா, இன்னொருக்க நகந்துரும். மூணாவது தடவை, அந்தச் சின்னக் காலால ஓலைய இறுக்கிப் புடிச்சிட்டு.

இழுத்தா. இம்முட்டு மெதுவா... இம்முட்டு மெதுவா... விளிம்புல வச்சிட்டுத் தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. குஞ்சு நனைஞ்ச துணி மாதிரி கிடக்கு. கம்பியில தாய் கத்துது. வெயில் வந்துச்சு. ஒவ்வொரு எறகா காஞ்சுச்சு. அது எந்திரிச்சு உடம்ப ஒரு உதறு உதறுச்சு. அப்புறம் கத்திரிச் செடிக்கு மேல தாழப் பறந்து, தாழப் பறந்து, ஜிவ்வுனு கம்பிக்கு ஏறிட்டு. தாய் மீன அது வாயில வச்சிச்சு.

ஆவுடை போய் மோட்டார நிறுத்துனா.

சாயங்காலம் பூலுடையார் வந்து, "எல்லாம் போயிட்டா?"ன்னாரு.

"போயிட்டு அண்ணாச்சி."

ரெண்டு பேரும் கேணிய எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாங்க. தண்ணி வந்து பொந்து வாசலத் தொட்டுச்சு. உள்ள போச்சு. குளுக்குனு ஒரே ஒரு கொமிழி மேல வந்துச்சு. அம்புட்டுத்தான். கேணி சும்மா இருந்துச்சு. அன்னைக்குத்தான் ஆவுடை, அந்தக் குஞ்சுக என்ன தின்னுச்சு, எப்படிக் கத்துச்சு, எது எது எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு இருட்டுற வரைக்கும் அவருகிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தாளாம்.

ம்? சத்தத்தையே காணோம். கதையும் பறந்துட்டு, கண்ணும் மூடிட்டு. தூங்கு மக்கா, தூங்கு.