பின்பக்கத்துப் பெட்டி

"இந்த டேப்லெட்டெல்லாம் திருப்பி எடுத்துக்குங்க டீச்சர்," என்றார் தில்லைநாயகம்.

தலைமையாசிரியர். ஓய்வுக்கு அதிக நாள் இல்லை.

எதிரே ஜெசிந்தா. இந்தப் பாடத்தை ஆசிரியர்களுக்குப் பழக்குகிறவள். அவருக்கு மகள் வயது. இருக்கட்டும். இதில் அவள்தான் குரு.

பாடம் இதுதான். டேப்லெட்டை வெறும் மேசைக்கு நேரே பிடித்தால், திரையில் அந்த மேசைமேல் நிஜம்போலவே பெட்டிகள் அடுக்காக நிற்கும். தொட்டால் பலகைதான். பின்னால் மறைந்திருப்பவை எத்தனை என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

"என்ன குறை சார்?"

"முன்னால இருக்கிறத எண்ணிடுதுங்க. பின்னால எத்தனைன்னா முழிக்குதுங்க."

"எப்படி நடத்துறீங்க?"

"டேப்லெட்டப் புத்தகப்பைமேல சாய்ச்சு நிறுத்திருவேன். கை கட்டி, வாய் பொத்தி உட்காரணும். என் வகுப்புல ஈ பறந்தா கேக்கும்."

"எல்லாரும் உட்கார்றாங்களா?"

"இசக்கின்னு ஒருத்தி. மூணாங்கிளாஸ். அவதான் கெடுக்கிறா. டேப்லெட்டத் தூக்கிக்கிட்டு மேசையச் சுத்திச் சுத்தி வர்றா. அடக்கமே இல்ல."

"பின்னால எத்தனைங்கிறா?"

"அவள யாரு கேட்டா?"

ஜெசிந்தா அலமாரியைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவ அம்மாவ வரச் சொல்லியிருக்கேன். டி.சி.யக் கொடுத்து அனுப்பிருவேன்."

"அடுத்த பள்ளிக்கூடம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"போவாளா?"

"எங்க போவா? அவ படிப்பு அவ்வளவுதான்."

ஜெசிந்தா எழுந்தாள். அலமாரியிலிருந்து சாக்பீஸ் பெட்டிகளை எடுத்து அவர் முன்னால் மேசையில் சுவர்போல் அடுக்கினாள்.

"பின்னால எத்தனை பெட்டி சார்?"

அவர் தலையைச் சாய்த்தார்.

"அசையக் கூடாது. கை கட்டுங்க."

முறைத்தார். கட்டினார்.

"நாலு."

"இல்ல."

"ரெண்டு."

"இல்ல."

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு வேர்த்தது.

எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் குனிந்தார்.

அங்கே ஒரே ஒரு பெட்டி.

நிமிர்ந்தார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"அடக்கமே இல்ல சார்."

தில்லைநாயகம் காலி நாற்காலியைப் பார்த்தார். போய் உட்காரவில்லை. நின்றபடியே போனை எடுத்தார்.

"இசக்கி அம்மாவா? நாளைக்கு நீ வர வேண்டாம்மா. பிள்ளைய மட்டும் அனுப்பு."