பொறுமை ஆண்டின் முதல் விருந்து

முன்னொரு காலத்தில் மஞ்சனூர் நாட்டை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது சும்மா மரியாதைக்குச் சொல்வது. சித்திரை முதல் நாள் அந்த வருஷத்துக்கென்று ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து முரசறைந்து விடுவான். அதோடு அவன் வேலை முடிந்தது. யார் என்ன குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் அந்தச் சொல்தான் பதில். ஒரு வருஷம் ‘மகிழ்ச்சி’ என்றான். மாடு செத்தவன்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டுதான் அழ வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் ‘சிக்கனம்’. ஊரெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தது. அரண்மனை யானைக்கு மட்டும் வெள்ளிக் கொலுசு செய்து போட்டார்கள்.

இந்தச் சொற்களை எடுத்துக் கொடுப்பவர் ஆஸ்தான வித்துவான் நாவலங்காரர். மந்திரி ஆவுடையப்பரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எதற்கெடுத்தாலும் ராஜா “மந்திரியாரைக் கூப்பிடு” என்கிறானே என்று வயிற்றெரிச்சல்.

அந்தச் சித்திரையில் ஆவுடையப்பருக்கு இருந்தது ஒரே கவலைதான். கீழக்குடி ஏரியின் மதகு இடிந்து கிடந்தது. ஐப்பசி மழைக்குள் கட்டாவிட்டால் கரை உடைந்து ஊரே அடித்துக்கொண்டு போய்விடும். கட்டித் தருகிறேன் என்று அந்த ஊராருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ராஜாவோ நாட்டில் இருக்கிற கொத்தனார்களை எல்லாம் அந்தப்புரத்தில் ஊஞ்சல் மண்டபம் கட்ட உட்கார வைத்திருந்தான்.

புத்தாண்டுச் சபை கூடியது. நாவலங்காரர் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

“மகாராஜா, இந்த ஆண்டின் சொல் பொறுமை. பூமி பொறுக்கிறது, மரம் பொறுக்கிறது. குடிகள் மட்டும் ஏன் பொறுக்கக் கூடாது?” என்றவர், மந்திரியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னொன்றையும் சேர்த்தார். “பொறுமை இழப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த சித்திரை வரை அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது.”

ராஜா தலையாட்டினான். முரசும் முழங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கீழக்குடியிலிருந்து சிவனணைந்தாள் வந்து நின்றாள். ஏரிக்கு அடியில் வயல் வைத்திருப்பவள். ஊருக்காகப் பேச வந்தவள்.

“மகாராசா, மதகைக் கட்டித் தரணும்.”

“பொறுமை” என்றான் ராஜா.

“பொறுமை சோறு போடுமா மகாராசா?”

“பொறுமை இழந்துவிட்டாள்” என்று துள்ளி எழுந்தார் நாவலங்காரர். காவலர்கள் அவளை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

ஆவுடையப்பருக்கு உள்ளே கொதித்தது. வாயைத் திறந்தால் தானும் வெளியே என்று அவருக்குத் தெரியும். வித்துவான் காத்திருப்பதே அதற்குத்தான். ஆகவே கோபத்தை விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“அருமையான சொல். வழக்கப்படி அதை முதலில் கடைப்பிடிப்பது அரண்மனை, பிறகுதானே ஊர்?”

“அதிலென்ன சந்தேகம்?” என்றான் ராஜா.

மந்திரி எழுந்து நேராக மடைப்பள்ளிக்குப் போனார்.

மதியம் புத்தாண்டு விருந்து. இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தார்கள். முதலில் வேப்பம்பூப் பச்சடி வந்தது. ராஜா முகத்தைச் சுளித்துக்கொண்டு நக்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தான். அடுத்தது வரவில்லை. சாம்பார் வாசம் வந்தது, நெய் வாசம் வந்தது, வடை பொரியும் சத்தம்கூட வந்தது.

“எங்கே சோறு?”

“பொறுமை, மகாராஜா” என்றார் பரிமாறுகிறவர். “நாங்கள் அவசரப்பட்டால் வாசலை மிதிக்க முடியாதே.”

ஆவுடையப்பருக்கும் பசிதான். அவர் வயிறு போட்ட சத்தம் பக்கத்து இலைக்குக் கேட்டது. ராஜா நாவலங்காரரைப் பார்த்துப் பொறுமையைப் பற்றி ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னான். அவர் முதல் அடியிலேயே திணறி, கை அலம்பிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். வெயில் சாய்ந்தது. இலை வாடிச் சுருண்டது. வித்துவான் தெம்பாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ராஜாவால் அதற்கு மேல் முடியவில்லை. இலையில் ஓங்கித் தட்டினான்.

“பொறுமை சோறு போடுமா, மந்திரியாரே?”



“காலையில் இதையேதான் ஒரு பெண்பிள்ளை கேட்டாள், மகாராஜா” என்றார் ஆவுடையப்பர் மெதுவாக. “அது பொறுமை இழந்த பேச்சு என்றால் தாங்களும் வாசலுக்கு வெளியே போக வேண்டிவரும். இல்லை, வெறும் கேள்விதான் என்றால் அவளுக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.”

ராஜா வாசலைப் பார்த்தான். மடைப்பள்ளிப் பக்கம் பார்த்தான்.

“கேள்விதான்” என்றான். “நான் கேள்விதான் கேட்டேன்.”

“அப்படியானால் கொத்தனார்கள்?”

“இன்றைக்கே கீழக்குடிக்குப் போகட்டும். அவளையும் உள்ளே கூப்பிடுங்கள். முதலில் சோறு வரட்டும்.”

“பார்த்தீர்களா” என்றார் நாவலங்காரர். “இந்தச் சபையில் ஒருவர்கூடப் பொறுமை இழக்கவில்லை.”

“வித்துவானே, மீசையில் என்ன?” என்று கேட்டார் மந்திரி.

“சந்தனம்.”

ராஜா குனிந்து முகர்ந்து பார்த்தான். “சந்தனத்தில் ஏலக்காய் வாசம் வருகிறதே. பாயசம் எப்படி இருந்தது?”

வித்துவான் அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டார். அவர் போட்ட சட்டப்படியே அவரை வெளியே அனுப்பினார்கள். மதகு முடிகிற வரை ஏரிக்கரையில் உட்கார்ந்து கொத்தனார்களுக்குப் பொறுமை சொல்லிக் கொடுக்கட்டும் என்பது ராஜா உத்தரவு. இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வெயில் மண்டையைப் பிளக்கவும், “சீக்கிரம் கட்டுங்களப்பா” என்று தானே தலையில் கல் சுமந்தார். மழைக்கு முன்னால் மதகு எழுந்துவிட்டது. ஏரி நிரம்பியது, கரை நின்றது.

அடுத்த சித்திரையில் சபை கூடியது. கறுத்துப்போய், காலெல்லாம் வெடித்து வந்து நின்ற நாவலங்காரரிடம் ராஜா சொல் கேட்டான். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“செங்கல், மகாராஜா.”

“நல்ல சொல்லாக இருக்கிறதே. முரசறையுங்கள்” என்றான் ராஜா.

சிவனணைந்தாள் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

“முரசு வேண்டாம் மகாராசா. வண்டியில ஏத்தி அனுப்புங்க. எங்க ஊர் வாய்க்கால் பாலம் இடிஞ்சு கிடக்கு.”

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். ஆவுடையப்பர் வண்டிகளைக் காலையிலேயே பூட்டி வாசலில் நிறுத்தியிருந்தார்.