பூட்டிய ஓலைக்கூடம்

மருதங்காடு என்றொரு நாடு. முன்னொரு காலத்தில் அதைக் கோதண்டவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும்.

அரண்மனை நடுவே பழைய ஓலைக்கூடம் ஒன்று இருந்தது. எந்த ஆணையைத் திருத்தினாலும் புது ஓலையைப் பழையதோடு சேர்த்து அங்கே கோத்துவைப்பார்கள். ஒருவர் எடுத்துத் திருத்தி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். செங்கமலம் என்ற அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டாள். ஆளுக்கொரு படி எடுத்துவைத்துப் பலர் ஒரே சமயத்தில் திருத்தும் புதுமுறை வந்தபிறகு, கூடத்துக்கு ஆள்வரத்து குறைந்துபோனது.

மந்திரி அறவாழியைக் கண்டாலே ஆகாத தளபதி வீரகேசரி ஒருநாள் சபையில் எழுந்தார்.

“மகாராஜா, அந்தக் கூடத்தை இப்போது யாரும் சீந்துவதில்லை. கொளுத்திவிட்டு நடன மண்டபம் கட்டலாம். மந்திரியார்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.”

“நல்ல யோசனை! மந்திரி, இனி அரண்மனையில் அது இருக்கக் கூடாது.”

அறவாழிக்கு மனசு கனத்தது. இடத்தை அடைக்கிறது, கரையான் வேறு. கூடம் போக வேண்டியதுதான். ஆனால் செங்கமலம் எங்கே போவாள்? இன்னும் யார் யார் அதை நம்பியிருக்கிறார்களோ?

“உத்தரவு மகாராஜா. முதலில் ஒருநாள் பூட்டிவைப்போம். யாரும் தேடாவிட்டால் நானே தீ வைக்கிறேன்.”

மறுநாள் சபை கூடியது. கூடம் பூட்டியிருந்ததால், பட்டங்களைச் சொல்லி வரவேற்கும் கட்டியக்காரனுக்குப் புது ஓலை கிடைக்கவில்லை. கையிலிருந்த பழையதைப் பார்த்து உரக்கப் படித்தான்: “குதிரைக்குக் கொள்ளு வைக்கும் வீரகேசரி வருகிறார்!”

சபை குலுங்கிச் சிரித்தது. வீரகேசரி முகம் சிவந்து ஓடிப்போய்க் கூடத்துக் கதவை இடித்தார். “திற! என் பட்டங்கள் உள்ளே இருக்கின்றன!”

மதியம் ராஜா ஒரு கவளம் வாயில் வைத்தார். கண்ணில் நீர் கொட்டியது. சமையற்காரர் ஓடிவந்தார். “வைத்தியர் காரத்தைக் குறைத்த ஓலை கூடத்தில் மாட்டிக்கொண்டது, மகாராஜா! பழைய பக்குவத்தில் செய்துவிட்டேன்.”

“தண்ணீர்! மந்திரி, கூடத்தைத் திறவும்! ஆனால்... சபையில் நான் கொடுத்த உத்தரவு என்னாவது?”

“அரண்மனையில்தானே இருக்கக் கூடாது என்றீர்கள்? கோட்டைக்கு வெளியே, கடைத்தெருவில் இருக்கட்டும். வேண்டியவர்கள் அங்கே போய் வாங்கிக்கொள்வார்கள். செங்கமலமும் அங்கேயே இருக்கட்டும்.”

ராஜா இருமலுக்கிடையே சிரித்துவிட்டார். தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டார். “தளபதியாரே, யாரும் சீந்தாத கூடம் என்றீரே! கதவை முதலில் இடித்தது யார்? ஓலைப் பெட்டிகளை நீரே தூக்கிக்கொண்டு போம்.”

வீரகேசரி தலைகுனிந்து சுமந்தார். வாசல் தாண்டும்போது செங்கமலத்துக்குக் கண் கலங்கியது. அறவாழி கூடவே நடந்தார்.

சில நாள் கழித்து அவர் கடைத்தெருப் பக்கம் போனார். நெசவாளர்களும் செட்டியார்களும் செங்கமலத்தைச் சூழ்ந்து நின்றார்கள். தங்கள் ஓலைகளையும் திருத்தித் திருத்திக் கோத்துவைக்க வேண்டுமாம்.

“எப்படி இருக்கிறாய், அம்மா?”

அவள் நிமிரக்கூட இல்லை. “வரிசையில நில்லுங்க சாமி, உங்க முறை வரட்டும்!”