வாத்துக்காரி பவளாயியோட சீட்டி

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தாளாம். பேரு பவளாயி. அவகிட்ட எத்தனை வாத்து தெரியுமா? நானூறு! அவளும் அவ புருஷன் அய்யாசாமியும் சோறு தின்னதே அந்த வாத்துங்களாலதான். காலையில ஏரியில விட்டா பக்பக் பக்பக்னு நாலு பக்கமும் பரவிடும். அப்புறம் எப்படித் திரும்பக் கூட்டுறது? பவளாயி ரெண்டு விரலை வாயில வைப்பா. வீஈஈய்ங்! ஒரே சீட்டி. நானூறும் வரிசை கட்டி வந்து நிக்கும். என்ன, ம் சொல்லலையே?

"ம்..."

ஆனா அவளுக்கு ஒரு கிறுக்குப் புத்தி. கீழ் முன்பல்லுக்குப் பின்னால மஞ்சமஞ்சேர்னு காரை படிஞ்சு, கல்லு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. 'இந்தக் காரை பல்லிடுக்கை அடைச்சுக்கிட்டு நிக்கிறதாலதான் என் சீட்டி இந்தப் போடு போடுது'ன்னு அவளா நெனச்சுக்கிட்டா! அதனால கடவாய்ப் பல்லை மட்டும் விரலால தேய்ப்பா. முன்பல்லு பக்கம் எதையும் விடவே மாட்டா. பதினஞ்சு வருஷம்! வாடை எப்படி இருந்திருக்கும் பாத்துக்க. பாவம் அந்த அய்யாசாமி.

அப்புறம் ஒருநாள் ஈறு பொதபொதன்னு வீங்கிடுச்சு. துப்பினா ரத்தம். பல்லு லேசா ஆடுது. விரலை வச்சு ஊதினா... புஸ்ஸ்ஸ். வாத்தெல்லாம் தலையைத் தூக்கிப் பாத்துட்டு, மறுபடி நத்தை பொறுக்கப் போயிடுச்சு.

அப்போ அவ என்ன பண்ணா, கிராம்பை வச்சு அடக்கிக்கிட்டா. நாக்கு மரத்ததுதான் மிச்சம். புஸ்ஸ். அப்புறம் அடுப்புக்கரியை எடுத்து பரபரன்னு தேய்ச்சா. ரத்தம் இன்னும் கொட்டுச்சு. புஸ்ஸ். அப்புறம், தேய்ச்சாத்தானே ரத்தம் வருதுன்னு பல்லு விளக்குறதையே விட்டுட்டா. கிறுக்குன்னு சொன்னேன்ல? அதுக்கப்புறம் புஸ்ஸுகூட வரல.

அய்யாசாமி பொறுத்துப் பொறுத்துப் பாத்தான். குச்சியைத் தூக்கிக்கிட்டு நானூறு வாத்து பின்னாடி ஓடி ஓடி அவன் காலே தேஞ்சுபோச்சு. "எந்திரிடி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னு இழுத்துட்டுப் போயிட்டான். அங்க யாஸ்மின்னு ஒரு பல் டாக்டரம்மா. வாயைத் திறக்கச் சொன்னா, பவளாயி கையால பொத்திக்கிட்டா.

"ரத்தம் வர்றப்போ தேய்க்கலாமா டாக்டரம்மா?"

"சரியா தேய்க்காததாலதான் ரத்தமே வருது. மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால காலையிலயும் தேய்க்கணும், படுக்கப் போறப்பவும் தேய்க்கணும்."

"கிளீன் பண்ணா பல்லு ஆடிப்போயிடும்கிறாங்களே?"

"ஆட வைக்கிறதே இந்தக் காரைதான். எடுத்தா கொஞ்ச நாள் கூசும். அப்புறம் ஈறு இறுகிக்கும்."

பவளாயி பொத்தின கையை எடுக்காமலே கேட்டா. "என் சீட்டி போயிடுமா?"

"சீட்டி பத்தி எனக்குத் தெரியாதும்மா. இப்படியே விட்டா பல்லு போயிடும், அது தெரியும்."

அப்போ பவளாயி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நாற்காலியில சாஞ்சா. கிர்ர்ர்ர்ர்! தண்ணி சிலீர்னு அடிக்குது. பொடிப்பொடியா பதினஞ்சு வருஷக் காரையும் பேந்து விழுந்துச்சு. நாக்கால தொட்டுப் பாத்தா, பல்லிடுக்கெல்லாம் ஓட்டை! வீடு வர்ற வரைக்கும் ஒப்பாரிதான். "என் பொழப்பு போச்சே!"

ஆனாலும் டாக்டரம்மா சொன்னபடி காலையில சரக் சரக், ராத்திரி சரக் சரக். ரத்தம் நின்னுச்சு. வீக்கம் வடிஞ்சுது. பயத்துல சீட்டி மட்டும் அடிச்சுப் பாக்கவே இல்ல. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு, ஐப்பசி மழை. சோன்னு கொட்டுது. மேல இருக்கிற பெரிய ஏரி பட்டப்பகல்ல கரை உடைஞ்சு, தண்ணி திமுதிமுன்னு வருது! வாத்து நானூறும் கீழ இருக்கிற நம்ம ஏரிக்கு நட்ட நடுவுல, ஒரு மண்மேட்டுல நிக்குது. வாத்து நீந்தாதான்னு கேப்ப. நீந்தும். ஆனா அந்த வெள்ளம் வந்து அள்ளுச்சுன்னா, நேரா கொண்டுபோய் ஏரித்தண்ணி வழிஞ்சு வெளியேறுற கலிங்குப் பாறையில அடிச்சுடும். ஒண்ணுகூட மிஞ்சாது.

அய்யாசாமி "பா... பா..."ன்னு கத்தினான். மழை இரைச்சல்ல அவனுக்கே கேக்கல. ஊரே வந்து தட்டை எடுத்து டமார் டமார்னு தட்டுச்சு. வாத்து மிரண்டு இன்னும் பின்னாடி போச்சு. அப்போ பவளாயி சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, கரை மேல ஏறினா. ரெண்டு விரலை வாயில வச்சா. பல்லை அழுத்தினா. வலிக்கல! ஆடல! மூச்சை இழுத்து...

வீஈஈஈஈஈஈய்ய்ய்ங்!

யம்மாடி! பக்கத்து ஊரு நாயெல்லாம் குலைச்சுச்சு. அப்படி ஒரு சீட்டியை அவளே அடிச்சதில்ல! நானூறு கழுத்தும் சடக்குனு நிமிந்துச்சு. தொபுக்கடீர், தொபுக்கடீர்! தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு கோடு போட்ட மாதிரி வருதுங்க. கடைசி வாத்து கரையேறவும், அந்த மேடு தண்ணிக்குள்ள முழுகவும் சரியா இருந்துச்சு. எண்ணினா நானூறு! ஒண்ணு குறையல. அய்யாசாமி ஊரு முன்னாடியே அவளைத் தூக்கிச் சுத்தினான். அவ முப்பத்திரண்டு பல்லும் தெரிய சிரிச்சா பாரு, பளிச்சுன்னு! பதினஞ்சு வருஷமா அப்படிச் சிரிச்சதே இல்லையாம்.

நானூறு வாத்தும் கரையேறியாச்சு, கதையும் கரையேறியாச்சு. கண்ணை மூடு தங்கம்... ஏய், எங்கடி எந்திரிச்சு ஓடுற?

"பல்லு தேய்க்கல!"

அடி கள்ளி! போ, ஓடிப்போய்த் தேய்ச்சுட்டு வந்து தூங்கு.