செந்தூரப் புட்டியின் மேல் வரி

வைத்தியர் மங்களநாயகிக்கு நாற்பத்தொரு வயது. அவருடைய சீடர் தவசிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு சித்த மருத்துவம் கற்க வந்தவர்.

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டில் மூன்று வரிகள். மேல் வரியில், மருந்தை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுத வேண்டும். நடு வரியில், யாருக்குக் கொடுக்கலாம் என்று. கீழ் வரி, செய்தவர் பெயருக்கு. மூன்றும் நிரம்பாத புட்டி அலமாரிக்குப் போகாது.

தவசிமுத்து முதல்முறையாகத் தனியாக அயச் செந்தூரம் செய்திருந்தார். இரும்புப் பொடியை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து, வறட்டி நெருப்பில் புடம் போட்டு எடுத்த சிவப்பு மருந்து. நடு வரியில் 'சோகைக்கு' என்று எழுதினார். மேல் வரிக்கு ஒன்றும் தோன்றவில்லை. புட்டி மேசை மேலேயே ஒரு வாரம் இருந்தது.

ஒரு பிற்பகல் பேச்சித்தாய் தன் எட்டு வயது மகள் அனுசுயாவோடு வந்தாள். பிள்ளையின் உதடுகூட வெளுத்திருந்தது. வைத்தியர் கொல்லையில் மூலிகை பறித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே தவசிமுத்து செந்தூரத்தைப் பத்துப் பொட்டலமாக மடித்துப் பேச்சித்தாய் கையில் கொடுத்துவிட்டார்.

வைத்தியர் உள்ளே வந்து பிள்ளையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகரத்து ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். பிறவியிலேயே வந்த ரத்தக் குறை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றுகிறார்கள். தினமும் ஒரு மாத்திரையும் உண்டு. அதைக் கொடுக்கிறாயா என்று கேட்டார்.

நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்றாள் பேச்சித்தாய். அதைக் கொடுத்தால் சிறுநீர் சிவப்பாகப் போகிறதாம். ஏற்றுகிற ரத்தமெல்லாம் அந்த வழியாகவே போய்விடுமோ என்று பயந்துவிட்டாளாம்.

"அது ரத்தம் இல்லம்மா. ஏத்துற ரத்தத்தோட வந்து சேர்ந்த இரும்பை அந்த மாத்திரை பிடிச்சு வெளியே கொண்டுபோகுது," என்றார் வைத்தியர். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், நிறுத்தினதைச் சொல்லு. திட்டினா வாங்கிக்கோ."

பொட்டலங்களைத் திருப்பி வாங்கி மேசை மேல் வைத்தார்.

தவசிமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தாயும் மகளும் கொல்லைக் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனதும் கேட்டார். "டீசல் இல்லாத வண்டிக்கு டீசல்தானே அம்மா ஊத்தணும்?"

"வண்டி நின்னதும் டேங்கைப் பார்க்காமலே ஊத்துவீங்களா, டிரைவரய்யா? இங்கே டேங்க் நிரம்பி வழியுது."

"கொஞ்சம் கூடினா என்ன? இரும்பு நல்லதுதானே?"

வைத்தியர் உள்ளே போய் இரண்டு ஜாடிகளை எடுத்துவந்தார். இரண்டிலும் ஒரே நாள் ஆட்டிய நல்லெண்ணெய். ஒன்றரை மாதத்துக்கு முன்பு, ஒரு ஜாடியில் துருப்பிடித்த இரும்புக் கரண்டியை மறந்து விட்டவர் தவசிமுத்துதான். வைத்தியர் அதை எடுக்கவும் இல்லை, எண்ணெயைக் கொட்டவும் இல்லை.

"மோந்து பாருங்க."

முதல் ஜாடி மணத்தது. இரண்டாவதில் காறல் வாடை. தவசிமுத்து தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"காத்து பட்டா எண்ணெய் மெதுவாத்தான் கெடும். பக்கத்துல இரும்பு இருந்தா அந்த வேலை வேகமா நடக்கும். அந்தப் பிள்ளை மூச்சு விடுது. அதோட ஈரலிலும் இருதயத்திலும் கொழுப்பு இருக்கு. மிஞ்சின இரும்பு போய்த் தங்குறதும் அங்கேதான். கரண்டியை எடுங்க."

எடுத்தார்.

"தேஞ்சிருக்கா?"

தவசிமுத்து துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லை. அப்படியேதான் இருக்கு."

"இதை நல்ல ஜாடியில போட்டா?"

"அதுவும் கெடும்."

"அதுக்கப்புறம்?"

"எத்தனை ஜாடியில போட்டாலும் கெடுத்துக்கிட்டேதான் இருக்கும்," என்ற தவசிமுத்து கிணற்றடியைப் பார்த்தார். அனுசுயா வாளியைப் பிடித்துக்கொண்டு தாயிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, செந்தூரத்தைப் புட்டியில் திரும்பக் கொட்டினார். பேனாவை எடுத்தார். 'ரத்தம் ஏற்றிக்கொள்பவருக்குக் கூடாது. இரும்பு மிகுந்தவருக்குக் கூடாது. தெரியாவிட்டால் ரத்தம் சோதிக்காமல் கொடுக்காதே.' மேல் வரி போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியது.

காலையில் முதல் பஸ்ஸில் தானே இருவரையும் அழைத்துப் போவதாகவும் சொன்னார்.

வைத்தியர் சீட்டை ஒருமுறை படித்தார்.

"சரி. இப்போ கீழே உங்க பேரை எழுதுங்க."