நாலு கட்டைவிரல் டேங்க்

ஆவரங்குளத்துச் சொரிமுத்துவுக்கும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளுக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதுமே கொஞ்சம் தாராளமாகப் பேசுகிறவர்கள்.

கூட்டாளிகளில் ஒருவன் சங்கிலி, தையல்காரன். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டான். இன்னொருவன் வண்டிமலையான். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். ஆகவே மூவரில் அவன்தான் அதிகம் படித்தவன்.

சொரிமுத்துவின் தாய்மாமன் பலவேசம் ராணுவத்தில் டேங்க் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மகள் முப்பிடாதியைக் கட்டிக்கொள்வதைத் தவிர சொரிமுத்துவுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. முப்பிடாதிக்கும் சம்மதம்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. மாமாதான் பிடி கொடுக்காமல் இருந்தார்.

ஒரு திங்கட்கிழமை மாமா பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே முந்நூறு பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டினால் அவர் ஓட்டிய அதே டேங்க், தலையணை அளவில்.

“மருமகனே, ஆர்டர ஒழுங்கா கேக்குறவனுக்குத்தான் எம் பொண்ணு. ஞாயித்துக்கெழம நான் வருவேன், அதுக்குள்ள இத ஒட்டி வையி. எடுத்த எடுப்புல இதுல கை வைக்காத. மொதல்ல சின்னதா ஒண்ணு வாங்கிப் பழகு. அதுல எப்படிச் செஞ்சியோ, அப்படியே இதுலயும் செய்யணும். இம்மி பிசகப்படாது.”

மூவரும் அன்றைக்கே டவுனுக்குப் போனார்கள். பொம்மைக்கடை அண்ணாச்சி உள்ளங்கை அளவில் ஒரு டேங்க் பெட்டியைக் கொடுத்து மூன்று விஷயம் சொன்னார். “துண்டையெல்லாம் சோப்புத் தண்ணில கழுவிக் காய வைங்க. பசை போட்டா கைய எடுக்காம அழுத்திப் பிடிங்க. ஒட்டினதும் காத்தாட வைங்க.”

செவ்வாய்க்கிழமை கழுவி முற்றத்தில் காய வைத்தார்கள். சங்கிலி வீட்டுக் கோழி ஒரு சக்கரத்தை விழுங்கிவிட்டுப் போனது.

புதன்கிழமை சொரிமுத்து பசை போட்டு, வலது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று.

“போதும்ல, கைய எடு” என்றான் சங்கிலி.

“எடுக்கணும்னு அண்ணாச்சி சொன்னாரா?”

வண்டிமலையான் வெகு நேரம் யோசித்தான். “எடுக்காமன்னுதான் சொன்னாரு. எடுன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

அதற்குள் விரலும் டேங்கும் ஒன்றாகிவிட்டன. காற்றாட வேறு வைக்க வேண்டுமே. வேறு வழியில்லாமல் சொரிமுத்து டேங்கோடு வேப்பமரத்தில் ஏறி, தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தான். நல்ல காற்று அடித்தது. கீழே இருந்த வைக்கோல் போரில் விழுந்தான். டேங்கின் பீரங்கிக் குழல் பாதியில் ஒடிந்தது. பிறகு வண்டிமலையான் டவுனுக்கு ஓடி, அண்ணாச்சியிடம் கேட்டு வந்து, ஒரு குடம் வெந்நீர் ஊற்றி விரலை விடுவித்தான்.

சொரிமுத்து அழுதே விட்டான். “சக்கரம் போச்சு, குழலும் போச்சு. முப்பிடாதியும் போயிட்டாளே!”

“ஏம்ல அழுத?” என்றான் சங்கிலி. “சின்னதுல செஞ்சத அப்படியே பெருசுல செய்யணும், அவ்வளவுதான? எதையும் மறந்துராம இருந்தா பொண்ணு ஒனக்குத்தான்.” இரண்டையும் நாடா வைத்து அளந்தான். “பெருசு நாலு மடங்கு. எல்லாத்தையும் நாலால பெருக்கிக்கோ.”

சொரிமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெரிய டேங்கின் துண்டுகளைக் கழுவி முற்றத்தில் பரப்பினார்கள். கோழி வந்தது, சக்கரத்தைக் கொத்திப் பார்த்தது, வாய் கொள்ளாமல் போய்விட்டது.

“நாலு மடங்கு கோழி வேணும்” என்றான் வண்டிமலையான்.

அப்படிப்பட்ட கோழி ஊரில் இல்லை. கடைசியில் முப்பிடாதி வளர்த்த வெள்ளாட்டை ஓட்டி வந்தார்கள். அது ஒரு சக்கரத்தைக் கடித்துக் கூழாக்கித் துப்பியது. ஆட்டைத் தட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் ஒட்டி முடிந்து, தலைப்பகுதி மட்டும் பாக்கி. ஒரு விரலுக்கு நாலு விரல் என்று கணக்கு. மூவரும் பசைமேல் வலது கட்டைவிரலை வைத்துவிட்டார்கள். நாலாவது விரலுக்கு ஆளில்லை. இடது கட்டைவிரலை வைக்கலாமா என்று வண்டிமலையான் கேட்டதற்கு, “சின்னதுல எடது விரல் ஒட்டுச்சா?” என்று சங்கிலி கேட்க, பேச்சு அதோடு நின்றது.

அந்நேரம் மாமா வந்தார்.

“மாமா, வலது கட்டைவிரல இங்க வைங்க! சீக்கிரம்!”

உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறான் என நினைத்து மாமா அழுத்திப் பார்த்தார். நன்றாகவே ஒட்டியிருந்தது; இப்போது அவர் விரலும்.

விஷயம் முழுவதையும் சொரிமுத்து சொல்லி முடித்தான். மாமா நிமிர்ந்து நின்றார். அவர் கண் கலங்கியது. “இப்படி ஆர்டர் கேக்குறவன நான் பட்டாளத்துலயே பாத்ததில்ல. ஏறுங்கடா மரத்துல! குழல் ஒடிஞ்சா பொண்ணு ஒனக்கு!”

நாலு பேர் ஒரு டேங்கைப் பிடித்துக்கொண்டு வேப்பமரம் ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓர் இலைகூட அசையவில்லை. நாலு பேரும் சேர்ந்து ஊதிப் பார்த்தார்கள். மாமாவின் மீசைதான் ஆடியது.

விஷயம் கேள்விப்பட்டு முப்பிடாதி நாலு குடம் வெந்நீரோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். “எறங்குங்கப்பா, தண்ணி ஆறுது.”

“காத்து அடிக்கணும் தாயி. நாங்க விழணும். அப்புறந்தான் தண்ணி” என்றார் மாமா.

கல்யாணம் அவளுக்கும்தானே? வீட்டுக்கு ஓடி டேபிள் ஃபேனைத் தூக்கி வந்தாள். நீள ஒயர் இழுத்து, கிளையைப் பார்த்துத் திருப்பி வைத்து, ஸ்விட்சைப் போட்டாள்.

“நாலுல வையி!” என்று கத்தினான் சங்கிலி.

நாலில் வைத்தாள். இலைகள் அசைந்தன. கிளை லேசாக ஆடியது. சொரிமுத்து கண்ணை மூடி, குலசாமியைக் கும்பிட்டு, விழுவதற்குத் தயாரானான். அப்போது பார்த்துக் கரண்ட் போனது.

மாமா முகம் மாறியது. “சின்னதுக்குக் கரண்ட் போச்சா?”

மூவரும் குசுகுசுவென்று கலந்து பேசினார்கள். பொய் சொல்ல சொரிமுத்துவுக்கு மனம் வரவில்லை. “போகல மாமா.”

“அப்படின்னா பழக்கம் பத்தல. மறுபடியும் சின்னதுலேருந்து ஆரம்பி. கரண்ட் போறதையும் சேத்துப் பழகு. கல்யாணம் அதுக்கப்புறம்.”

முப்பிடாதி பெருமூச்சு விட்டு, நாலு குடத்தையும் திரும்ப அடுப்பில் ஏற்றப் போனாள். குழல் ஒடியாமல் வெந்நீர் ஊற்றக் கூடாது என்பதால் நாலு பேரும் டேங்கோடு இறங்கி, டேங்கோடு பஸ் ஏறி, டவுனில் கடைவாசல் அகலம் போதாமல் பக்கவாட்டில் உள்ளே நுழைந்தார்கள்.

பொம்மைக்கடை அண்ணாச்சி நாலு கட்டைவிரலையும் பார்த்தார், நாலு முகத்தையும் பார்த்தார்.

சொரிமுத்து பணிவாகச் சொன்னான்: “பழக்கத்துக்குச் சின்ன டேங்க் ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. கரண்ட் போற மாதிரி பாத்துக் குடுங்க.”